சிலம்பப் பயிற்சியும் இணையக் கல்வியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

    

தமிழ் கற்பிக்கும் தொழிலுடையேம் யாம். கம்பு சுழற்றும் தொழிலுடையேம் அல்லேம். அங்ஙனமாகவும் இப்பொருள்பற்றிப் பேச உடன்பட்டது என்னை எனின், இவ்வினா கம்பைப்பற்றியதன்று, கற்பித்தலைப்பற்றியது ஆதலின் என்க. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் திரைக்கு முன் அமர்ந்து பாடஞ்சொன்ன ஆசிரியர் கூட்டத்தில் யாமும் ஒருவேம். எது திரைவழிச் செல்லும், எது செல்லாது என்பதனை ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை அப்போது எமக்கிருந்தது.

வினா யாது? அதனை முதற்கண் தெளிவுபடக் கூறிக்கொள்வாம். திருவள்ளூரில் ஞாயிறுதோறும் நம் சங்கம் நடத்திவரும் சிலம்ப வகுப்பிற்குக் கும்மிடிப்பூண்டிப் பகுதியில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் வரக்கூடவில்லை. ஆதலின் வகுப்பை இணைய வழியாக மாற்றிவிடுதல் நலம் என்பது ஒரு சாரார் கருத்து. செல்பேசியில் கம்பு கற்பது ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு நறுக்குவது போலாம் என்பது மற்றொரு சாரார் கருத்து. இடத்திற்கும் ஆசானுக்கும் ஆகும் செலவை நிறுத்திவிட்டு, எங்கோ இருந்து நடத்தப்படும் இணைய வகுப்பொன்றிற்குச் சந்தா செலுத்திவிடலாம் என்று மூன்றாவதொரு யோசனையும் காரியக் கமிட்டியின் முன் வந்துள்ளது. இம்மூன்றனையும் சீர்தூக்கி, முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

கும்மிடிப்பூண்டியார் கூறும் குறை மெய்யானது. திருவள்ளூர் மேற்கு நோக்கி அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது. கும்மிடிப்பூண்டி வடக்கு நோக்கிச் சூலூர்ப்பேட்டை செல்லும் பாதையில் உள்ளது. இரண்டும் ஒரே மாவட்டம். எனினும் ரயிலில் வருவோர் சென்னையின் பேசின்பிரிட்ஜ் வரையிற் சென்று பாதை மாறித் திரும்பவேண்டும். சாலைவழி வருவோர் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை முதலிய ஊர்களின் வழியே பஸ் மாறி வரவேண்டும். பத்து வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்பவியலுமா? உடன் வரலாமெனின் தந்தைக்கு ஓய்வில்லை. சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் இராசாயனத் தொழிற்சாலைகளிலும் வேலை பெரும்பாலும் மூன்று ஷிப்டாக நடைபெறுவது. காலை 6 மணிக்கு ஒன்று. பிற்பகல் 2 மணிக்கு ஒன்று. இரவு 10 மணிக்கு ஒன்று. வாரந்தோறும் ஷிப்டு மாறும். இந்த வாரம் வகுப்பிற்கு வரத்தக்கவர் அடுத்த வாரம் ஆலைக்குள் இருப்பர். இவ்வில்லங்களிற் செல்பேசி உண்டு, ஓய்வு இல்லை. ஆதலின் இணைய வகுப்பை அவர்கள் வேண்டுவதனைச் சோம்பல் என்று இகழ்தல் தகாது.

இணையத்தின் நன்மைகளை ஒளியாது கூறுதும்.

முதலாவது, ஆசான் ஒருமுறை செய்து காட்டுவதனை மாணாக்கன் நூறுமுறை காணலாம். இரண்டாவது, மெதுவாக ஓட்டிக் காணலாம். கண்ணிமைப்பதற்குள் முடியும் மணிக்கட்டின் திருப்பத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து நோக்கலாம். மூன்றாவது, மாணாக்கன் தன் ஆட்டத்தைத் தானே படம்பிடித்து, தன் குற்றத்தைத் தானே காணலாம். இப்பேறு நம் முன்னோர் எவர்க்கும் வாய்த்ததில்லை.

நான்காவது நன்மை இவை எல்லாவற்றினும் பெரிது. பழங்கலைகளிற் பலவற்றை ஆசான்மார் தம் குடும்பத்தார்க்கும் தாம் தேர்ந்த சிலர்க்குமே கற்பித்து, ஏனையோர்க்கு மறைத்து வைத்தனர். குமரி நாட்டின் வர்ம ஏடுகள் குறிப்புமொழியால் இயன்றவை. ஏடு கையிலிருப்பினும் ஆசான் விளக்காதவழிப் பொருள் புலப்படாது. இம்மறைப்பினால் ஆசான் மறையவே அவர் கற்றதும் உடன் மறைந்தது. இன்று ஒரு கிழவாசானின் வரிசையை அவர்தம் மகன் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினால், மலேயாவில் உள்ள தமிழனும் காண்கிறான். குலமும் ஊரும் கேட்பாரின்றிக் கதவு திறந்துவிட்டது. ஒரு குலத்தின் சங்கத்தில் நின்று பேசும் யாம் இதனை மகிழ்ச்சியோடே கூறுகின்றேம்.

நிற்க. இனி, திரை எதனைக் காட்டாது என்பதனை ஆராய்வாம்.

ஐந்தரை அடி நீளமுள்ள கம்பு ஒன்றனை நடுவிற் பிடித்துச் சுழற்றுவதாகக் கொள்வோம். அதன் முனை வரையும் வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 17 அடி. தேர்ந்தவன் நொடிக்கு மூன்று சுற்றுச் சுழற்றுவானாயின், முனை ஒரு நொடியில் 51 அடி செல்லும். செல்பேசி பொதுவாக ஒரு நொடிக்கு 30 படங்களே எடுப்பது. எனவே ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையில் முனை ஒன்றேமுக்கால் அடி தாவிவிடும். அவ்விடைவெளியில் நிகழ்ந்தது படத்தில் இல்லை. நாம் காண்பது கம்பு அன்று. ஒரு மங்கலான விசிறி. மெதுவோட்டப் படமாக நொடிக்கு 120 வீதம் எடுப்பின் அத்தாவல் ஐந்து அங்குலமாகக் குறையும். அது கற்பதற்கு உதவும். ஆனால் நேரலை வகுப்பில் அது கூடாது. முன்னரே எடுத்துவைத்த படத்திற்றான் கூடும். இக்கணக்கை நம் பிள்ளைகள் தாமே போட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, ஒலி. சிலம்புதல் என்பது ஒலித்தல் எனப் பொருள்படும் சொல். வீச்சின் விரைவும் செம்மையும் காற்றின் ஒலியால் அறியப்படும். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஆசான், ஒலி தளர்ந்த மாத்திரத்தில் மணிக்கட்டு மடங்கிற்று எனக் கூறிவிடுவார். கூட்டப் பேச்சிற்கென அமைந்த ஜூம் முதலிய செயலிகளோ, பேச்சொலி ஒன்றே தெளிவுறவேண்டும் என்னும் நோக்கத்தால், ஏனைய ஒலிகளை இரைச்சலெனக் கொண்டு அடக்கும் இயல்பின. ஆசான் கேட்கவேண்டிய ஒலியையே அவை விலக்கிவிடுகின்றன.

அடுத்து, இடவலம். களத்தில் ஆசான் வேண்டும்போது முதுகு காட்டி நின்று, தம் வலக்கை மாணாக்கனின் வலக்கைப்புறமே இருக்குமாறு செய்து காட்டுவார். திரையிலோ அவர் எதிர்முகமாக நிற்பார். மாணாக்கனுக்கு அவன் உருவைச் செயலி கண்ணாடிபோல் இடவலம் மாற்றிக் காட்டும். ஆசான் உருவை மாற்றாது காட்டும். இரண்டனையும் ஒருங்கே நோக்கும் சிறுவன் எக்காலை முன்வைப்பான்? காலடி தவறிப் பழகியவனைத் திருத்துதல், பழகாதவனைப் பயிற்றுவதினும் இருமடங்கு அரிது என்பர் கற்பித்தோர்.

அடுத்து, தொலைவு. படம் ஒற்றைக் கண்ணால் நோக்கியது போல்வது. ஆழம் அதனில் இல்லை. எதிரியின் கம்பு நம் நெற்றியைத் தொடுமா, ஒரு சாண் முன்னே நின்றுவிடுமா என்னும் மதிப்பு, எதிரே ஓர் ஆள் நிற்க, அவன் கம்பு வர, நாம் விலக, இங்ஙனம் பன்முறை பழகியே வருவது. தொடுமுறைப் போட்டியில் வெற்றியும் தோல்வியும் இம்மதிப்பிலேயே உள்ளன. கம்பின் முனையிற் பொடி தடவி ஆடி, உடையிற் பட்ட குறியை எண்ணித் தீர்ப்புச் சொல்லும் வழக்கமும் நம் நாட்டில் உண்டன்றோ? அப்பொடி திரையைக் கடந்து எவர் மேலும் படியாது.

இறுதியாக, அச்சம். கம்பு முகத்தை நோக்கி வருங்கால் கண் தானே மூடிக்கொள்ளும். அஃது உடம்பின் இயற்கை. அதனை வெல்வதற்கு, நம்பத்தக்க ஒருவர் முதலில் மெதுவாகவும் பின்னர்ச் சிறிது விரைவாகவும் கம்பை வீசி, நாடோறும் பழக்கவேண்டும். படத்திலுள்ள கம்பு எவர் கண்ணையும் மூடச் செய்வதில்லை. ஆதலின் படம் மட்டும் பார்த்துப் பழகியவன், தனக்கு அச்சமில்லை என்று மெய்யாகவே நம்புகின்றான். அவன் பொய்யனல்லன், அவன் அச்சம் இன்னும் வினவப்படவில்லை, அவ்வளவே. பெண்மக்களைத் தற்காப்பின்பொருட்டுப் பயிற்றுவிக்கும் பெற்றோர் இதனை நன்கு சிந்திக்கவேண்டும். தான் கற்றதாக நம்பிக் கல்லாதிருத்தல், கல்லாமையினும் இடர் மிக்கது.

இனி, உலகம் இதனை எங்ஙனம் கண்டது என்பதற்குச் சில சான்று கூறுதும்.

ஜப்பான் தேயத்து ஜிகாரோ கானோ என்பார் பள்ளியாசிரியர். 1882-ஆம் ஆண்டிற் கோடோகான் என்னும் ஜூடோக் கழகத்தை நிறுவினவர். அவர் தம் கல்வியை நான்காக வகுத்தார்: முறைப்படுத்திய வடிவப் பயிற்சி, தடையின்றிப் பொருதும் பயிற்சி, விரிவுரை, வினாவிடை. இந்நான்கனுள் விரிவுரையும் வினாவிடையும் திரைவழியே குறைவின்றி நிகழலாம். வடிவப் பயிற்சி ஓரளவு நிகழலாம். பொருதும் பயிற்சியோ அணுவளவும் நிகழாது. ஆசிரியர் ஒருவர் அன்று வகுத்த வகுப்பு இன்றைய வினாவிற்கு விடையாக அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் அரங்குகள் மூடப்பட்டபோது, உலக டேக்வாண்டோ அமைப்பு பூம்சே எனப்படும் தனிவடிவப் போட்டிகளை இணைய வழியாக நடத்திற்று. வீரர் தத்தம் ஊரில் ஆடினர். நடுவர் படத்தை நோக்கி மதிப்பிட்டனர். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் சிங்கப்பூரில் நிகழ்ந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தில் இன்னும் ஒரு படி மேற்சென்று, உடம்பிற் பூட்டிய உணர்கருவிகளின் வாயிலாக, ஒருவரையொருவர் தீண்டாமலே திரையிற் பொரச் செய்தனர். இவை வியத்தகு முயற்சிகளே. இவற்றை ஒளித்து வாதிடுதல் நேர்மையன்று. எனினும் அத்தீண்டாப் போரில் அடியின் பாரம் இல்லை. ஆதலின் அடியை அளந்து கொடுக்கும் பொறுப்பும் இல்லை.

அப்பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதனை டோக்கியோ ஒலிம்பிக் பந்தயம் காட்டிற்று. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள். 75 கிலோவிற்கு மேற்பட்ட ஆடவர் கராத்தே இறுதிப்போர். சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி என்பார் நான்கிற்கு ஒன்று என முன்னின்றார். அப்போது அவர் விட்ட உதை ஈரான் நாட்டுச் சஜ்ஜாத் கஞ்ஜ்ஜாதே என்பாரை உணர்விழந்து வீழச் செய்தது. அளவு கடந்து தாக்கினார் என்று நடுவர் ஹமேதியை விலக்கினர். வீழ்ந்து கிடந்தவர்க்கே பொற்பதக்கம் உரித்தாயிற்று. அடியைப் பட வைப்பது பாதித் திறம். பட்ட இடத்தில் நிறுத்துவது மறு பாதி. உலகத்து முதல்வரிசை வீரர்க்கே ஒரு நொடியிற் பிழைத்துவிடும் அவ்வளவினை, எதிரே உயிருள்ள உடம்பில்லாத பிள்ளை எங்ஙனம் கற்கும்?

இனி, எம் தொழிற்குரிய நூலொன்றிற்கு வருவாம். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பும், மாணாக்கர் இயல்பும், பாடங்கேட்கும் முறையும் கூறுவது. அங்கே அவர் ஒரு கணக்குத் தருகின்றார். ஆசான் உரைத்ததை எத்துணை நன்கு கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது புலமையிற் காற்கூறே. உடன் பயில்வாரோடு பயிலுதலால் மற்றொரு காற்கூறு நிரம்பும். எஞ்சிய பாதியோ, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்குங்கால் அமையும். இஃது எழுத்தையும் சொல்லையும் கற்பார்க்குக் கூறியது. எனினும் கம்பு கற்பார்க்கு இன்னும் நன்றாகப் பொருந்துகின்றது.

இக்கணக்கை அளவுகோலாகக் கொண்டு திரையை அளந்து பார்ப்பாம். ஆசானிடம் பெறும் காற்கூற்றில், கண்ணாற் கொள்வதும் செவியாற் கொள்வதும் திரைவழி வரும். கையாற் கொள்வது வாராது. ஆசான் மாணாக்கனின் மணிக்கட்டைப் பற்றித் திருப்பியும், முழங்காலைத் தட்டித் தாழ்த்தியும் கற்பிப்பது கையாற் கொள்வது. உடன்பயில்வாரிடம் பெறும் காற்கூறு திரைவழி ஒரு சிறிதும் வாராது. தனியறையிற் பயில்வானுக்கு உடன்பயில்வார் ஏது? எஞ்சிய பாதி, தன்னின் இளையார்க்குக் கற்பித்தலால் வருவது. இளையார் கூடும் களம் இல்லாவிடின் அதுவும் இல்லை. இங்ஙனம் நோக்கின், சந்தா செலுத்திப் பெறும் இணைய வகுப்பு ஒன்றே போதும் என்பார் வாங்குவது, முழுமையின் காற்கூற்றிலும் ஒரு பகுதி. அப்பகுதி பயனற்றதென்று யாம் கூறவில்லை. அதனை முழுமை என்று விலைபேசுதலே தவறு என்கின்றேம்.

இவ்விடத்திற் பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. சிலம்பம் இன்று வெறும் திருவிழா ஆட்டமன்று. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டிற் சிலம்பமும் சேர்க்கப்பட்டுள்ளது. 2024-ஆம் ஆண்டு ஜனவரியிற் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நிகழ்ந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுக்களிற் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மதிப்பு உயரவே, அம்மதிப்பை விற்பாரும் தோன்றுவர். சில படங்களை அனுப்பினாற் போதும், சான்றிதழும் பட்டையும் தபாலில் வரும் என்று விளம்பரம் செய்வார் உளர். அரசு ஏற்கும் சான்று எது என்பதனை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் வினவி அறியாமல் எவரும் பணங் கொடுத்தல் வேண்டா. தாள் பெற்ற பிள்ளை களத்தில் நிற்கும் நாளில், அத்தாள் அப்பிள்ளைக்காகக் கம்பு பிடியாது.

மற்றோர் எச்சரிக்கை இடம்பற்றியது. ஐந்தரை அடிக் கம்பை ஓரத்திற் பிடித்து வீசுவார்க்குக் கை நீளமும் சேர ஏறக்குறைய 14 அடி விட்டமுள்ள வெளி வேண்டும். கும்மிடிப்பூண்டியில் நம்மவர் குடியிருக்கும் வாடகை வீடுகளில் அத்துணைப் பெரிய கூடம் ஏது? மேலே மின்விசிறி, அருகே தொலைக்காட்சி, தரையிற் குழந்தை. திரையை நோக்கிக் கம்பு வீசும் சிறுவன் தன் பின்னே எவர் வருகின்றார் என்று காணான். களத்தில் அதனைக் காண்பது ஆசானின் முதற்கடமை. திரைக்கு அப்பாலுள்ள ஆசானோ, செல்பேசி காட்டும் சிறு சதுரத்தை அன்றி அறையின் ஏனைய பகுதியை அறியார்.

அற்றேல், கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் கல்லாதொழிக என்பதோ எம் முடிபு? அன்று. இணையத்தை முழுதும் தள்ளுவாரும், களத்தை முழுதும் தள்ளுவாரும் ஒரே தவறு செய்கின்றனர். எது எதற்கு உரியது என்று பிரியாமையே அத்தவறு. பிரித்தபின் வழி எளிது. அவ்வழியினை எட்டுக் கூறுகளாக இச்சபையின் முன் வைக்கின்றேம்.

ஒன்று. கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு களம் அமைத்தல் வேண்டும். பிள்ளைகள் திருவள்ளூருக்கு வருவதினும், ஆசான் ஒருவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு கும்மிடிப்பூண்டிக்குச் செல்லுதல் எளிது. ஐம்பது பேர் பயணஞ் செய்வதா, ஒருவர் பயணஞ் செய்வதா என்பதே கேள்வி. அவர்தம் வழிச்செலவைச் சங்கம் ஏற்கவேண்டும்.

இரண்டு. அந்த ஞாயிறுகளிற் காலை 7 மணிக்கு ஒரு வகுப்பும் மாலை 4 மணிக்கு ஒரு வகுப்பும் நடத்தல் வேண்டும். பிற்பகல் 2 மணி ஷிப்டு உடையார் காலையில் வரலாம். காலை ஷிப்டு முடித்தாரும், இரவு ஷிப்டு முடித்து உறங்கி எழுந்தாரும் மாலையில் வரலாம். எந்த ஷிப்டினர்க்கும் கதவு அடையாது.

மூன்று. இடைநாட்களில் இணைய வகுப்பு அரைமணி நேரம். அதனிற் புதிய அடி கற்பித்தல் கூடாது. களத்திற் கைதொட்டுக் கற்பித்ததனையே திரையில் நினைவூட்டல் வேண்டும். முதலில் உடம்பு அறியட்டும். பின்னர்க் கண் அதனைக் காக்கட்டும். இம்முறை மாறினால் தவறு வேரூன்றிவிடும்.

நான்கு. வீட்டிற் செய்யத்தக்கவை காலடி வரிசையும், உடற்பயிற்சியும், குறுங்கோல் கொண்டு மணிக்கட்டைப் பழக்குதலுமே. முழுக்கம்பு வீச்சு வெட்டவெளியில், பெரியவர் ஒருவர் அருகிருக்கவே நிகழவேண்டும். இருவர் பொருதும் தொடுமுறைப் பயிற்சி களத்தில் ஆசான் முன்னிலையில் அன்றி எங்கும் நிகழ்தல் கூடாது.

ஐந்து. ஒவ்வொரு மாணாக்கரும் வாரத்திற்கொருமுறை தம் காலடி வரிசையை, மெதுவோட்டமாகவும், முன்னும் பின்னும் இருபுறம் எடுத்தும், வாட்ஸ்அப்பில் ஆசானுக்கு அனுப்புக. ஆசான் தமக்கு ஓய்வுள்ளபோது கண்டு குறை கூறுவார். நேரலையில் நாற்பது சிறு சதுரங்களை ஒருங்கே நோக்குவதினும் இது பயன் மிக்கது. பெண்மக்களின் படங்கள் பொதுக்குழுவில் இடப்படாமல், பயிற்றுநர்க்கும் பெற்றோர்க்கும் மட்டுமே செல்லுதல் வேண்டும். பெண்மக்கட்குப் பெண் பயிற்றுநர் ஒருவரை அமர்த்துதல் சங்கத்தின் கடமை.

ஆறு. மூத்த மாணாக்கர் இளையார்க்குக் கற்பிக்கவேண்டும். நன்னூலார் கூறிய எஞ்சிய பாதி இங்கே நிரம்பும். ஆலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தம் தெருப்பிள்ளைகள் ஐவர்க்கு வாரத்தில் ஒரு மாலை காலடி கற்பிப்பாராயின், அவரும் வளர்வார்; அவ்வைவரும் வளர்வர்.

ஏழு. ஆசானுக்குக் கொடுக்கும் ஊதியத்தை இணையத்தின் பேரிற் குறைத்தல் கூடாது. களத்தில் நிற்கும் நேரத்திற்கு மட்டும் கூலி என்று கணக்கிடின், படம் பார்த்துக் குறை கூறும் நேரம் எவர் கணக்கு? வாழ்வதற்கு வேறு தொழில் தேடிப் போகும் ஆசானுடன் நம் பிள்ளைகளின் கல்வியும் போய்விடும். அவர்தம் படங்களை அவர் இசைவின்றிப் பிறர்க்கு அனுப்புதலும் தகாது.

எட்டு. இது சிலர்க்குக் கசக்கலாம், எனினும் கூறுகின்றேம். கும்மிடிப்பூண்டிக் களம் நம் குலத்துப் பிள்ளைகட்கு மட்டும் உரியதாதல் கூடாது. தொடுமுறைப் பயிற்சிக்கு எதிராள் வேண்டும்; அவ்வெதிராளும் பலவகைப்படல் வேண்டும். நெடியவன், குறியவன், இடக்கையன், விரைபவன், பொறுமையுடையவன் எனப் பலரோடு பொருது பழகினவனே தேறுவான். ஒரே குடும்பத்துள் அண்ணன் தம்பியரோடு மட்டும் ஆடுபவன், அவர்தம் வழக்கங்களைக் கற்பானேயன்றிக் கலையைக் கல்லான். சிப்காட்டின் வாயிலில் நம் இளைஞரோடு ஒரே வரிசையில் நின்று வேலைக்குச் செல்வார், எல்லாக் குலத்தாரும், ஒடிசா பீகார் முதலிய நாடுகளினின்று வந்தாரும் அல்லரோ? அவர்தம் பிள்ளைகளும் களத்திற்கு வருக. இணையம் திறந்துவிட்ட கதவை நாம் களத்தில் அடைத்தல் நகைப்பிற்கிடமாம்.

"இதற்குப் பணம் எங்கே?" என்று பொருளாளர் வினவுவார். வினவுதல் அவர் கடமை. இணைய வகுப்பிற்குச் சந்தாவாகச் செலுத்தக் கருதிய தொகை ஒன்றுண்டு. அதனை ஆசானின் வழிச்செலவிற்கு மாற்றலாம். களத்திற்குக் கட்டடம் வேண்டா. சமநிலமும், நிழல்தரும் ஒரு மரமும், குடிநீரும், அடிபட்டார்க்கு முதலுதவிப் பெட்டியுமே வேண்டுவன. உள்ளூர்ப் பள்ளியொன்றின் விளையாட்டு மைதானத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் முறைப்படி விண்ணப்பித்துக் கேட்கலாம். கம்புகளை மாணாக்கர் தத்தம் உயரத்திற்கேற்ப வாங்கிக்கொள்வர். நெற்றியளவு என்பது யாவரும் அறிந்த கணக்கு. வளரும் பிள்ளைகளாதலின் மூத்தவன் கம்பு இளையவனுக்கு ஆகும். எஞ்சியுள்ள பற்றாக்குறையை உறுப்பினர் குடும்பத்திற்கொரு சிறு நிதியால் நிரப்பலாம்.

இன்னும் ஒரு சாரார் ஐயம் உண்டு. "படிப்பு, பரீட்சை என்னும் பாரம் இருக்கையில் கம்பு எதற்கு?" என்பர். கொள்ளைநோய்க் காலத்துப் பிள்ளைகள் மாதக்கணக்கில் திரையின் முன் அமர்ந்ததனை நாம் கண்டேம். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சு மாதம் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புக்கட்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறந்தன. இடையிற் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது, பெரும்பணி அது. ஆயினும், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தை அரசு தொடங்கியது என்னை? திரை சென்ற வீட்டிற்கும் ஓர் ஆள் செல்லவேண்டியிருந்தது என்பதனாலன்றோ? எழுத்துப் படிப்பிற்கே ஆள் வேண்டியிருந்ததாயின், உடம்பாற் கற்கும் கலைக்கு எத்துணை வேண்டும்! நாள் முழுதும் திரையை நோக்கிக் கூன் விழும் பிள்ளைக்கு, முதுகு நிமிர்ந்து எதிரே ஒரு மனிதன் கண்ணை நோக்கி நிற்கும் அரைமணி நேரம், படிப்பிற்குப் பகையாகாது.

பெருமக்காள்! முடித்துக்கூறுதும். திரை நல்ல ஏடு. ஏட்டை எரிப்பார் நம்முள் எவருமிலர். ஆயினும் ஏடு இருப்பதனால் ஆசானை அனுப்பிவிடுவார் கற்றோர் ஆகார். காரியக் கமிட்டியின் முன்னுள்ள மூன்றாவது யோசனை, அதாவது களத்தை நிறுத்திச் சந்தா செலுத்துவது, செலவைக் குறைக்கும் என்பது மெய்யே. அதனாற் குறைவது செலவு மட்டுமன்று என்பதனை மேலே காட்டினேம். முதலாவது யோசனையும் இரண்டாவது யோசனையும் தம்முட் பகையல்ல. அவை இரண்டும் சேரவேண்டிய முறையையே யாம் எட்டுக் கூறுகளாக வகுத்தேம். இவற்றிற் குறை காண்பார் எழுந்து கூறுக, திருத்திக்கொள்வாம். ஏற்பார் கையுயர்த்துக. இன்றைக் கூட்டம் கலையுமுன் முடிவாகுமாயின், வருகின்ற மாதத்து முதல் ஞாயிறன்று காலை 7 மணிக்குக் கும்மிடிப்பூண்டியில் முதல் வகுப்பைத் தொடங்கலாம். ஆசானும் வரச் சித்தமாயிருப்பதாக அறிவித்துள்ளார்.